அப்பா பக்கத்துப் பூக்கள்

அப்பா ஈரமண்ணில் குந்தி உட்கார்ந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தை பிறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் நடந்தால் எங்கள் நிலம் வரும். பனி இன்னும் விலகவில்லை. உருளைக்கிழங்குச் செடிகள் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, இலைகள் நனைந்து கனத்துக் கிடந்தன. அங்கங்கே பூ. வெள்ளை இதழ், அடியில் லேசாக ஊதா, நடுவில் மஞ்சள். கத்தரிப் பூவைப் பார்த்தவர்கள் இதை அதன் தங்கை என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பூக்களை என் அண்ணா வரதன் நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டே முன்னால் போனான். அப்பா பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தட்டி, அங்கவஸ்திரத்தில் சேர்த்துக்கொண்டார்.

அண்ணா திரும்பிப் பார்த்தான். "அது எதுக்கும் ஆகாதுப்பா" என்றான்.

"ஆகாதுன்னா ஏண்டா பறிக்கிறே?" என்றார் அப்பா.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

பூ கட்டும் வீடு

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அப்பாவை நன்றாகவே தெரியும். இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூரில் பெருமாள் கோயிலுக்குத் திருமாலை கட்டித் தருவது எங்கள் குடும்பத்துக் கைங்கர்யம். அப்பாவுக்கு முன்னால் அவருடைய அப்பா, அவருக்கும் முன்னால் யாரோ.

எங்கள் வீட்டில் பூ என்றால் அது பறிக்கிறபோதே பெருமாளுடையது. முகரக் கூடாது. தாண்டக் கூடாது. கை தவறிக் கீழே விழுந்தால் அதை மாலையில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் மிதிபடவும் விடமாட்டார்கள். துளசி மாடத்தடியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். வாழைநார் ஊறவைத்த அடுக்கும், துளசியும், மரிக்கொழுந்தும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை மாலை கட்டும் நார் அறையில் எப்போதும் இருக்கும். அப்பாவின் விரல்களிலும் அதே வாசனைதான். ஜுரம் வந்தால் நெற்றியில் அவர் கை வைக்கமாட்டாரா என்று நான் காத்திருப்பேன்.

அண்ணாவுக்குப் பூ கட்ட வரவில்லை. நார் இறுகும், காம்பு அறுந்துவிடும். அப்பா ஒரு நாளும் அவனைக் கடிந்துகொண்டதில்லை. அறுந்த பூவை எடுத்துத் தனியாக வைப்பார், அவ்வளவுதான். அந்தத் 'தனியாக வைப்ப'துதான் அண்ணாவுக்குத் தாங்கவில்லை என்று எனக்குப் பிற்பாடுதான் தோன்றியது.

மலையிலிருந்து வந்த யோசனை

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்த சமயம் அது. பி.யு.சி. முடித்த அண்ணா வேலை தேடிக்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்துவிட்டன, அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்று அத்தை வீட்டு அத்திம்பேர் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணா பிடிகொடுக்கவில்லை. செவ்வாப்பேட்டையில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த அரைக் காணி நிலம் இருந்தது. அதில் தன் கையால் ஏதாவது விளைத்துக் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

ஊட்டிப் பக்கம் வேலை பார்த்த அவனுடைய நண்பன் ஒருவன்தான் உருளைக்கிழங்கை அவன் தலைக்குள் ஏற்றிவிட்டான். ஐப்பசி மழை ஓய்ந்ததும் கார்த்திகையில் நட்டால், குளிர் இருக்கிற வரையில் கிழங்கு பிடித்துவிடும், மாசியில் தோண்டலாம் என்றானாம். மணல் கலந்த மண், கிணற்றில் தண்ணீர், பக்கத்திலேயே ரயில். இன்னும் என்ன வேண்டும் என்றானாம்.

அப்பாவிடம் யார் சொல்வது என்பதுதான் கேள்வி. உருளைக்கிழங்கு எங்கேயோ கடல் தாண்டி வந்த காய். கோயில் மடைப்பள்ளிக்குள் அது நுழையாது. எங்கள் வீட்டுத் தளிகையிலும் அதற்கு இடமில்லை. அம்மாவுக்கும் எனக்கும் அதன்மேல் கொள்ளை ஆசை. அக்கம்பக்கத்துக் கல்யாணங்களில் இலையில் விழுந்தால் கடைசிவரை ஓரமாக வைத்திருந்து சாப்பிடுவோம். அப்பா தொட்டதே கிடையாது.

ஆனால் கடைசியில் அண்ணாவே போய்ச் சொன்னபோது அப்பா மறுக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம், கைங்கர்யமோ விவசாயமோ, பிள்ளை ஆத்தோட இருந்தால் போதும் என்று சொன்னாராம். அம்மா அதை என்னிடம் சொன்னாள். அண்ணாவிடம் சொன்னாளா என்று தெரியாது.

நிலத்தில் வேலை பார்க்க சூசை வந்தார். கொல்லைக்குப் பின்புறமே அவர் குடிசை. தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம்; ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேலைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், சர்ச்சுக்குப் போய்விடுவார். அப்பா அவருக்குப் 'பெரிய சாமி', அண்ணா 'சின்ன சாமி'. விதைக்கிழங்கு நட்ட அன்று கூடையில் மிஞ்சியதில் ஒரு கை அள்ளி, வீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சொல்லி அண்ணா அவரிடம் கொடுத்தான்.

பூவுக்குப் போகிற சத்து

செடி பூத்தவுடன் நண்பனின் அடுத்த யோசனை வந்தது. பூவைக் கிள்ளிவிடு. இல்லாவிட்டால் செடி தன் பலத்தையெல்லாம் பூவுக்கும் அதற்கு அப்புறம் வரும் காய்க்கும் செலவழித்துவிடும். கிழங்கு சிறுத்துப்போகும்.

உருளைச் செடியிலும் காய் உண்டு. பச்சைத் தக்காளி போல, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தொங்கும். விஷம், தின்னக் கூடாது. அந்த ஒன்றுக்கும் உதவாத காய்க்கு எதற்காகச் சத்துப் போக வேண்டும் என்பது அண்ணாவின் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்த நியாயம் வேறு. பூவைப் பறித்தால் அது யாருக்காவது போய்ச் சேர வேண்டும். சேராது என்றால் செடியிலேயே இருந்து உதிரட்டும்.

நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் காலைக்கு மறுநாள் வீட்டில் இதே பேச்சுத்தான். இரண்டு பேரும் குரல் உயர்த்தவில்லை. ஆனால் மோர் சாதத்தின்போது இரண்டு பேருமே தலை நிமிரவில்லை. அம்மாதான் கடைசியில் வழி சொன்னாள். நடு வாய்க்காலுக்குக் கிழக்கே அப்பா பக்கம், மேற்கே வரதன் பக்கம். அப்பா பக்கத்தில் பூ இருக்கட்டும். வரதன் பக்கத்தில் கிள்ளட்டும். மாசியில் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

அப்பா சிரித்துவிட்டார். "சரி. உன் பக்கத்துக்கு நான் வாயே திறக்கலை. என் பக்கத்துல நீ கை வெக்காதே."

"வெக்கலைப்பா" என்றான் அண்ணா.

அப்புறம் அப்பா சொன்னதுதான் எங்களை அசர வைத்தது. "எந்தப் பக்கத்துக் கிழங்கானாலும் சரி, முதல்ல ஆத்துக்கு வர்றதை நான் சாப்பிடறேன். என் பிள்ளை விளைச்சது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அண்ணாவின் முகம் அன்று இருந்தது போல் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நல்ல நாட்கள்

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை எழுதத்தான் எனக்கு ஆசை. எழுதுவதற்குத்தான் அதிகம் இல்லை.

காலைக்கான திருமாலையைக் கோயிலில் சேர்த்துவிட்டு அப்பா ரயிலேறிவிடுவார். பள்ளிக்கூடம் முடித்து வீட்டோடு இருந்த நானும் சில நாள் கூடப் போவேன். அப்பா தன் வரிசைகளுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். நேற்று மொட்டாக இருந்தது இன்று விரிந்திருப்பதை எனக்குக் காட்டுவார். வாசனை இருக்கிறதா என்று என்னை முகர்ந்து பார்க்கச் சொன்னார். பூவை முகரச் சொல்லி அப்பா வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஏதோ மங்கலாக, பச்சையாக ஒரு வாசனை இருந்தது.

சூசையின் மனைவி மரியம்மா வரப்பில் நின்று கேலி செய்வாள். "இன்னா பெரிய சாமி, கெழங்குக்குத் தண்ணி பாச்ச வந்தியா, பூவுக்கா?"

அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அண்ணாதான் நாள் போகப் போகப் பேச்சைக் குறைத்தான். அப்பா பக்கத்துச் செடிகள் செழித்து நின்றன. இவன் பக்கமும் செழித்துத்தான் நின்றது. மேலே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அவன் வாய்க்கால் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டேயிருப்பான்.

அமாவாசை கழிந்து

தை அமாவாசைக்குத் திருவள்ளூரில் ஜனக் கடலைப் பார்க்க வேண்டும். குளத்தங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. அப்பாவுக்குத் தலைக்கு மேல் வேலை. முந்தின நாளிலிருந்தே நார் அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மாவும் நானும் துளசி ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணா காலையிலேயே எங்கோ கிளம்பிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் வடிந்த பிறகு அப்பாவும் நானும் செவ்வாப்பேட்டைக்குப் போனோம். வண்டிப்பாதையின் திருப்பத்திலிருந்தே தெரிந்தது. கிழக்குப் பக்கம் முழுக்கப் பச்சை. ஒரு பூ இல்லை.

கீழே கிடந்தவை வாடிப் பழுப்பாகி, எறும்பு மொய்த்திருந்தன.

கிணற்றடியில் நின்ற சூசை எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "சின்ன சாமிகிட்ட நான் வேணாம்னுதான் சொன்னேன் சாமி. நீ ஊட்டுக்குப் போன்னுட்டு, ஒண்டியா நின்னுக்கினு அதுவே கிள்ளிப்போட்டுச்சு" என்றார்.

அப்பா இந்தத் தடவை குனியவில்லை. எதையும் பொறுக்கவில்லை. வாய்க்கால் ஓரம் போய் மண்ணைப் பார்த்தார். பிறகு, தண்ணீர் எப்போது பாய்ச்சியது என்று சூசையைக் கேட்டார். நேற்று என்றார் சூசை. சரி என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

வீட்டில் அண்ணா, அப்பா ஏதாவது கேட்பார் என்று கூடத்திலேயே காத்திருந்தான். பதில் தயாராக வைத்திருந்தான் என்று அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. பாதிப் பயிரைப் பாழாக்க முடியாது, கிழங்கு பிடிக்கிற நேரம் தவறினால் போனதுதான், அப்படி ஏதாவது. அப்பா கால் அலம்பிக்கொண்டு நேரே நார் அறைக்குள் போய்விட்டார். தயாராக இருந்த பதில் அண்ணாவிடமே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அப்பா அந்த நிலத்துக்குப் போகவே இல்லை.

இலையில் விழுந்தது

அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது. மாசி பிறந்ததுமே பகலில் மண் சுட்டது. செடிகள் மஞ்சளாகி மடிந்தன. செடிக்கு அணைத்திருந்த மண்ணைச் சூசை மண்வெட்டியால் தள்ளத் தள்ள, அண்ணா முட்டி போட்டு இரண்டு கைகளாலும் துழாவினான். எலுமிச்சம்பழம் அளவில் வந்தது. கொட்டைப்பாக்கு அளவிலும் வந்தது. கை நிறையக் கிழங்கு என்று சொல்கிற மாதிரி வந்தவை மிகக் கொஞ்சம். கிழக்கிலும் அப்படித்தான், மேற்கிலும் அப்படித்தான்.

தோண்டி முடித்ததும் அண்ணா குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கழுத்தெல்லாம் மண்.

இருப்பதில் பெரியதாகப் பொறுக்கி ஒரு பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அம்மா அவனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், என்ன செய்வது என்று என்னைப் பார்த்தாள். நார் அறையிலிருந்து அப்பாவின் குரல்தான் வந்தது.

"நாளைக்கு அதைக் கறியமுது பண்ணிடு. பெருமாளுக்கு வேண்டாம். எனக்குப் போடு."

மறுநாள் அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் எதிரெதிரே இலை போட்டிருந்தது. அம்மா பரிமாறும்போது கறி கொஞ்சம் இலைக்கு வெளியே விழுந்தது. அப்பா அதையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். சாதத்தில் கலக்காமல், ஒவ்வொரு துண்டாக எடுத்து, மென்று விழுங்கினார். அவருக்கு அது பிடிக்கவில்லை. முதல் துண்டிலேயே தெரிந்தது. இலையில் இருந்தது தீர்ந்ததும், "இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

அண்ணா அதுவரை இலையைத் தொடவில்லை. அப்பா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதைப் பார்த்தவன் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டான். ராட்டினம் வெகுநேரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

அந்த மாதத்துக்குள்ளேயே அத்திம்பேருக்குச் சொல்லியனுப்பி, கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டான்.

சூசை கொண்டுவந்தது

அண்ணா போன பிறகு ஒரு நாள் சூசை எங்கள் வாசலுக்கு வந்தார். துண்டை விரித்து நாலைந்து உருளைக்கிழங்கைக் காட்டினார். அண்ணா கொடுத்த விதையைக் குடிசைக்குப் பின்னால் போட்டிருந்தாராம். பூவைக் கிள்ளலாம் என்று போனபோது மரியம்மா விடவில்லையாம்.

"அழகா கீது, உட்டுடுன்னா சாமி. உட்டுட்டேன். இதோ பாரு, சின்ன சாமி கொல்லையில வந்த அதே சைஸ்தான். பூ இருந்தாலும் அதேதான், கிள்ளினாலும் அதேதான்."

அப்பா ஒரு கிழங்கைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அப்புறம் அதைத் துண்டிலேயே வைத்தார்.

"இதை வரதன்கிட்டே சொல்லாதே சூசை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும்."

சூசை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பல வருஷங்கள் கழித்து, விவசாய இலாகாவில் வேலை பார்த்த ஒரு உறவுக்காரரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். பூவைக் கிள்ளினால் கிழங்குக்குக் கொஞ்சம் நல்லதுதான், காய்க்குப் போகிற சத்து மிஞ்சும் என்றார். ஆனால் அது நல்ல குளிரும் போதிய காலமும் கிடைக்கிற மலைப்பக்கத்துக் கணக்கு. அங்கேயும் பெரிய வித்தியாசம் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் ஊரில் பூ பாதி தானாகவே உதிர்ந்துவிடும், மாசி வெயில் வந்தால் எதைக் கிள்ளியும் பிரயோஜனமில்லை என்று சிரித்தார். நானும் கூடச் சிரிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள்

அண்ணா புதுவாயலில் ஒரு அறை எடுத்துக்கொண்டான். கடைகளுக்குப் பின்னால், லாரிச் சத்தம் ஓயாத இடம். ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் விடிவது தெரியாது என்பான். அவன் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாத ஒரு நெடி ஏறிவிட்டது. விரல் நுனிகள் மஞ்சளாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அங்கிருந்து பட்டணம் வந்து, வண்டி மாறி, திருவள்ளூர் வர மத்தியானம் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு நார் அறை வாசலில் வந்து உட்காருவான். அப்பா உள்ளே கட்டிக்கொண்டிருப்பார். கம்பெனியில் சாப்பாடு எப்படி என்று கேட்பார். பரவாயில்லை என்பான். அரிசி விலை, ரயிலில் கூட்டம், மழை. அப்பாவின் கை வழக்கத்தைவிட மெதுவாக ஓடும். சின்ன மாலைக்கே வெகுநேரம் எடுத்துக்கொள்வார். கடைசியில் அவரே, "வண்டிக்கு நாழியாச்சோ?" என்பார். அவன் எழுந்துகொள்வான்.

இப்படியே வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி நானும் வேறு ஊர் போனேன். எழுபதுகள் முடியும் தறுவாயில் ஒரு மார்கழியில், மார்பில் வலி என்று படுத்த அப்பா விடிவதற்குள் போய்விட்டார். அன்று சனிக்கிழமை.

காரியங்களெல்லாம் முடிந்து அண்ணா கிளம்பினான். நான் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மழித்த தலையோடு அவன் அப்பாவைப் போலவே இருந்தான். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வேதா, அன்னிக்கு அப்பா பக்கத்துப் பூவை நான் ஏன் கிள்ளினேன் தெரியுமோ?"

பயிர் பாழாகிவிடும் என்றுதானே என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் நினைச்சேள். எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா நான் கையே வெச்சிருக்க மாட்டேன். தோண்டறபோது அப்பா பக்கத்துல ஜாஸ்தியா இருந்துடுத்துன்னா? அந்தப் பயம்தான்."

நான் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அன்றோடு விட்டுவிட்டேன். சூசை துண்டில் கொண்டுவந்ததைச் சொன்னேன். அப்பா அதைக் கையில் உருட்டிப் பார்த்ததையும், அண்ணாவிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன்.

"அப்பாவுக்கு அப்பவே தெரியுமா?"

"நீ போன சில நாளிலேயே."

அவன் வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். 

"ஏன் கிள்ளினேன்னு அப்பாகிட்டே சொல்லத்தாண்டி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தேன்."

பட்டணம் போகும் வண்டி வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அண்ணா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.